வெள்ளிக்கிழமை காலையில் நீட்டிய கை

காலை ஏழு இருபதுக்கு எங்கள் வீட்டில் காரியம் கெட ஆரம்பித்தது. ரேடியோவில் ஏழேகால் செய்தி பாதி ஓடியிருந்தது. அதனால்தான் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. மாதம் ஆனி. கிழமை வெள்ளி. வருஷத்தை எழுதினால் மகள் வயதைக் கணக்குப் போடுவீர்கள், அவள் என்னோடு சண்டைக்கு வருவாள். ஆகவே, ஏதோ சில வருஷங்களுக்கு முன்னால்.

என் மகள் கோமதி கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி போட்ட வெளிர்நீலப் பருத்திச் சேலை. தலையில் பூ இல்லை. காலில் கொலுசு இல்லை. இடது கையில் ஃபைல். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எம்.பி.ஏ. கடைசித் தேர்வு எழுதி முடித்திருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து பம்புசெட் மோட்டார் செய்கிற கம்பெனிக்காரர்கள் அன்றைக்குப் பல்கலைக்கழகத்துக்கே வந்து ஆள் எடுக்கிறார்கள்.

வாசலில் கார் வந்து நின்றது. என் கணவரின் அண்ணன், தச்சநல்லூரில் அரிசி மொத்த வியாபாரம் பார்க்கிறவர். எனக்கு அத்தான், கோமதிக்குப் பெரியப்பா. அவள் பஸ்ஸில் இடிபட வேண்டாம், நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று முதல் நாளே சொல்லியனுப்பியிருந்தார். கோயிலுக்குப் போய் அவள் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு, திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் பிரித்தபடியே உள்ளே வந்தார்.

"என்னட்டீ, கெளம்பிட்டியா?"

கோமதி எழுந்தாள். நிமிர்ந்தாள். ஓரடி முன்னே வைத்தாள். வலது கையை நீட்டினாள்.

"குட் மார்னிங் சார். ஐ ஆம் கோமதி."

அத்தான் அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய வலது கை தானாகக் கொஞ்சம் மேலே எழும்பியது. பாதியில் நின்றது. பிறகு பொட்டலத்தை மடித்து ரேடியோவின் மேல் வைத்தார். திரும்பி நடந்தார். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கார் போய்விட்டது.

ரேடியோ மட்டும் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

மூன்று நாளில் நிமிர்ந்த தலை

இதற்கெல்லாம் மூலகாரணம் அதற்கு முந்தின வாரம் நடந்த ஒரு பயிற்சி வகுப்பு.

கம்பெனிக்காரர்கள் வருமுன் பிள்ளைகளுக்கு நடை உடை பாவனை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவள் படிக்கிற துறையில் முடிவு செய்து, மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தார்கள். மூன்று நாள் வகுப்பு. நான் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கோமதி வாயைத் திறந்தால் அவர்தான் பேசுவார்.

முதல் நாள் வந்ததும் தலையில் எண்ணெய் வழியக் கூடாது என்றாள். இருபது வருஷமாக நான் தேய்த்துவிட்ட எண்ணெய் அன்றைக்கு வழிகிற எண்ணெயாகிவிட்டது. பூ கூடாது, வாசனை அறைக்குள் நமக்கு முன்னால் போய் நிற்குமாம். கொலுசு கூடவே கூடாது. பவுடர் போட்டால் போட்டது தெரியக் கூடாது. பிறகு எதற்குப் போடுவது என்று கேட்டேன்.

இரண்டாம் நாள் உட்காருவது. முதுகு சாயக் கூடாது. முந்தானையை இழுத்து இழுத்துவிடக் கூடாது. பதில் சொல்லும்போது தலையை ஆட்டக் கூடாது. ஆமாவுக்கும் இல்லைக்கும் நாம் ஒரே மாதிரி ஆட்டுகிறோமாம். எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். தெரியாது என்ற சொல்லை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சொல்லிவிடக் கூடாது.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள். என் வகுப்பில் கண்ணைப் பார்த்துப் பேசுகிற பெண்ணை, என்ன முறைக்கிறாய் என்று கேட்டுத்தான் பழக்கம். வீட்டிலும் அப்படியே. பெரியவர்கள் பேசினால் தரையைப் பார் என்று சொல்லிச் சொல்லி இருபது வருஷமாக நான் குனியவைத்த தலையை, அந்த அம்மாள் மூன்று நாளில் நிமிர்த்திவிட்டார்.

மூன்றாம் நாள் கை குலுக்குவது. ஆளைக் கண்டதும் எழுந்து, ஓரடி முன்னே வைத்து, வணக்கமும் பெயரும் சொல்லிக் கையை நீட்ட வேண்டும். யோசித்துவிட்டுச் செய்தால் தயக்கம் தெரியும், யோசிக்காமல் தானாக வரவேண்டும், அதனால் வீட்டில் இருப்பவர்களிடம் பழகிப்பாருங்கள் என்று பாடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

முதல் பலி என் கணவர். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஈரத்துணியைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். "அப்பா, நல்லா அழுத்திப் பிடிங்க" என்றாள். அவர் அழுத்தினார். அவள் வளையல் உடைந்தது. அடுத்து நான், மாவு பிசைகிற கையோடு. ஆள் கிடைக்காத நேரத்தில் பீரோக் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமைக்குள் பழகிவிட்டது. யோசிக்காமல் வந்தது.

வந்ததன் பலனைத்தான் மேலே சொன்னேன்.

என் அப்பா பதில் சொன்ன நேர்முகம்

நான் வேலைக்குப் போன கதையை இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் எரிச்சல் உங்களுக்குப் புரியாது.

எனக்கும் ஒரு நேர்முகம் நடந்தது. வாத்தியார் படிப்பு, பி.டி. முடித்த வருஷம். அப்பாவோடு போனேன். பள்ளி நிர்வாகி ஒரு நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்கார்ந்தார். நான் நின்றேன். எந்தக் கல்லூரி என்று கேட்டார்கள், அப்பா சொன்னார். என்ன பாடம் எடுக்க விருப்பம் என்று கேட்டார்கள், அதையும் அப்பாவே சொன்னார். கடைசியில் நிர்வாகி என் பக்கம் திரும்பி, சத்தமாகப் பேசுவாயா என்று கேட்டார். "நல்லாப் பேசுவா" என்றார் அப்பா. வேலை கிடைத்தது. எனக்கா அப்பாவுக்கா என்ற சந்தேகம் திங்கட்கிழமை வகுப்பறைக்குள் போய் நிற்கிறவரை எனக்கு இருந்தது.

அதனால் என் மகள் ஓர் அறைக்குள் தனியாகப் போய், மூன்று ஆண்களுக்கு எதிரே உட்கார்ந்து, தன் வாயால் பதில் சொல்லிவிட்டு வரப்போகிறாள் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

அதற்கு எங்கள் வீட்டில் அனுமதி வாங்கியதும் சின்ன விஷயமில்லை. என் கணவருக்கு நல்லது கெட்டது எல்லாம் அண்ணன் சொல்வதுதான். இன்ன மாதிரிக் கத்தரிக்காய் வாங்கு என்று அவர் சொன்னால்கூட இவர் தச்சநல்லூர் இருக்கும் திசையைப் பார்த்துத் தலையாட்டுவார். அத்தானோ, பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்புவதா என்று ஒரு மாதம் யோசித்தார். கடைசியில், "ஒரே ஒரு இன்டர்வியூ பாக்கட்டும். கெடைச்சா போகட்டும். இல்லைன்னா தையில கல்யாணம்" என்றார்.

ஆக, இருந்தது ஒரு வாய்ப்பு. அந்த வருஷம் வந்த மற்றக் கம்பெனிகள் எல்லாம் ஆண் பிள்ளைகள் போதும் என்று எழுதிவிட்டன. பெண்களையும் பார்க்கிறோம் என்றது இந்தப் பம்புசெட்காரர்கள் மட்டும்.

எங்கள் பக்கம் கை நீட்டுவது எங்கே

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம், எங்கள் மாதிரிக் குடும்பங்களில், ஒருவரைப் பார்த்துக் கை நீட்டுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது சாவு வீடு.

துட்டி கேட்பது என்போம். இறந்தவருக்கு உரிமைப்பட்ட ஆண்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். கேட்க வருகிற ஆண்கள் ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவார்கள். நிற்கிறவர் அந்தக் கையைத் தொடுவார். அவ்வளவுதான். ஆறுதல் வார்த்தை கிடையாது. திரும்பும்போது போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்ல மாட்டார்கள். பெண்களுக்கு இந்தக் கை நீட்டும் வழக்கமே இல்லை, அவர்கள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள்.

அத்தானின் மனைவி, என் பெரிய ஓரகத்தி, அதற்கு முந்தின ஆனியில்தான் போனாள். மூளைக்காய்ச்சல். நாலே நாளில் முடிந்துவிட்டது. வியாபாரிகள், அரிசி ஆலைக்காரர்கள், லாரிக்காரர்கள், ஆழ்வார்திருநகரி வரைக்கும் இருக்கிற சொந்தக்காரர்கள் என்று கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அத்தான் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, வந்த கையை எல்லாம் தொட்டார். மறுநாள் சாயங்காலம் அவரால் கையைத் தூக்கவே முடியவில்லை. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு தொட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கை பாதி எழும்பி நின்றது எதனால் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில், நல்ல காரியத்துக்குப் புறப்படுகிற வீட்டில், தான் தூக்கி வளர்த்த பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, எதிரே வந்து கை நீட்டுகிறது.

மெட்ராஸிலிருந்து வந்த அம்மாளுக்கு இது தெரிய நியாயமில்லை. பீரோவைக் குலுக்குகிற வரையில் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை என்பதை என்னவென்று சொல்ல.

மோர்ப்பானை

கார் போனதும் என் கணவர் வாசற்படியிலேயே நின்றார். ஓடிப்போய் அண்ணனை நிறுத்துவார் என்று பார்த்தேன். நிற்கிறார். துண்டை உதறித் தோளில் போடுகிறார். மறுபடி எடுத்து உதறுகிறார்.

"ஏளா, இன்னைக்கு வேண்டாம்" என்றார். "அண்ணாச்சி மனசு வெறுத்துப் போயிருக்காக. இதுக்கு மேல பிள்ளைய அனுப்புதது நல்லா இல்ல."

"பெறகு எப்ப அனுப்பப் போறீங்க? நம்ம வீட்டுல எல்லாருக்கும் மனசு சரியான பெறகு கம்பெனிக்காரன் திரும்பி வருவானா?"

நான் செருப்பை மாட்டினேன். கோமதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்ல வேண்டும் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது.

பஸ்ஸா அது. கூலிக்குப் போகிறவர்கள், பேட்டையில் இறங்கும் பீடிக்கட்டுப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஏறுகிற நேரம். கஞ்சி போட்ட சேலை டவுன் வாசல் ஆர்ச்சைத் தாண்டுவதற்குள் கசங்கிவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மோர்ப்பானையோடு நின்றாள். பிரேக் போட்டபோது பானை சரிந்தது. ஒரு குவளை மோர் கோமதியின் சேலையில்.

"ஒண்ணும் செய்யாது தாயி, தண்ணி மோருதான்" என்றாள் அவள். கைக்குட்டையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. மூன்று நாள் வகுப்பில் மோருக்கு ஏதாவது சொன்னார்களா என்று கேட்க வாயெடுத்தேன். கோமதி முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். கண்ணீர் கழுத்து வரைக்கும் வந்திருந்தது. சேலைக்காக இல்லை.

"பெரியப்பா மொகத்தப் பாத்தியாம்மா? நான் போகல. எறங்கிருவோம்."

"அழறதுன்னா இங்கயே அழுது முடி. அங்கன போய் அழாத."

"நான் இனிமே யாருக்கும் கை குடுக்க மாட்டேன்."

பஸ் பொட்டல் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாற்காலி நுனியில் உட்காருவது, கண்ணைப் பார்ப்பது, எல்லாம் போயிற்று. என் பழைய மகள், தரையைப் பார்க்கிறவள், பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் நான் பாடுபட்டு வளர்த்த அந்தப் பெண்ணை அன்றைக்குப் பார்க்க எனக்கே ஆத்திரமாக வந்தது.

உள்ளே என்ன சொன்னாள்

பல்கலைக்கழகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். மற்றப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் கை குலுக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோமதி உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். கேள்விமேல் கேள்வி கேட்டுத்தான் விஷயத்தை வாங்க முடிந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் எழுந்து கையை நீட்டியிருக்கிறார். இவள் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லிவிட்டு அப்படியே நின்றிருக்கிறாள். அவர் கையை மடக்கிக்கொண்டு, கை கொடுக்கும் வழக்கமில்லையா என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்ன?"

"காலையில நடந்தத சொன்னேன்."

"எத?"

"எல்லாத்தையும். பெரியப்பா, பெரியம்ம, துட்டி, எல்லாம்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வேலை கேட்கப் போன இடத்தில் வீட்டுச் சாவுக்கதையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அந்தப் பெரியவரு, இப்பம் உங்க பெரியப்பாவை எப்படிச் சமாதானம் பண்ணப் போறீங்கன்னு கேட்டாரு."

"நீ?"

"தெரியலன்னு சொன்னேன்."

சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த ஒரே சொல். அதையும் சொல்லியாயிற்று. பிறகு பம்புசெட் விற்பனையைப் பற்றி ஏதேதோ கேட்டார்களாம், இவளும் தெரிந்ததைச் சொன்னாளாம். அது எதுவும் என் காதில் ஏறவில்லை. திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தை மாதத்துக்கு எத்தனை மாதம் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் துறையில் பட்டியல் ஒட்டினார்கள். கோமதி பெயர் இருந்தது. எதற்காக எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோமதியும் தெரியாது என்றுதான் சொல்கிறாள். அந்தச் சொல் அவளுக்குப் பழகிவிட்டது.

பேசாமல் இருந்த நாட்கள்

வேலை கிடைத்துவிட்டது, சந்தோஷமாக இருக்கலாம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டைப் பற்றி இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசித் திங்கட்கிழமை கோயம்புத்தூரில் சேர வேண்டும். அத்தான் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் வாயால் போகட்டும் என்று சொல்லாமல் பெண்ணை அனுப்ப என் கணவருக்குத் துணிச்சல் இல்லை. கிடைத்தால் போகட்டும் என்று அவர் முன்னமே சொன்னதுதானே என்றேன். "அது அதுக்கு முந்தி" என்றார்.

இரண்டு தடவை தச்சநல்லூருக்குப் போனார். முதல் தடவை திரும்பி வந்து, மேற்கே நல்ல மழையாம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம் என்றார். இரண்டாம் தடவை, பொன்னி அரிசி விலை ஏறிவிட்டதாம் என்றார். கோமதி விஷயம் பேசினீர்களா என்று கேட்டேன். பேச்சு வரவில்லை என்றார். பேச்சு தானாக எழுந்து நடந்து வருமா.

கோமதி ஒரு நாள் தனியாகவே போனாள். வீடு பூட்டியிருந்தது. பெரியம்மைக்கு முதல் வருஷத் திதி கொடுக்கப் பாபநாசத்து ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார் கடையில் இருந்த கணக்குப்பிள்ளை. கோபத்தில்தான் வராமல் இருந்தாரா, திதி நெருங்குகிற துக்கமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கவும் யாருக்கும் வாய் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வந்துவிட்டது. மறுநாள் பஸ் ஏறினால்தான் திங்கட்கிழமை போய்ச் சேர முடியும். கோமதி பெட்டியில் சேலைகளை அடுக்குவாள், பிறகு வெளியே எடுத்து வைப்பாள். என் கணவர் ஒரே செய்தித்தாளின் ஒரே பக்கத்தைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். அத்தான் வராவிட்டாலும் நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போய் விடப்போகிறேன் என்று சொன்னேன். அப்படி இவரையும் அவரையும் மீறி நான் எதுவும் செய்ததில்லை.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது.

அத்தான் இறங்கினார். மழித்த தலை, அதில் ஈரத்துண்டு. பாபநாசத்திலிருந்து நேரே வருகிறார் என்று தெரிந்தது. கோமதி எழுந்து நின்றாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டி நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். முழுச் செம்பையும் அண்ணாந்து குடித்தார். திறந்து கிடந்த பெட்டியை நன்றாகப் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"கோயம்புத்தூர்ல இந்த மாசம் காத்து சில்லுன்னு அடிக்கும்லே. பெட்டில வெறுஞ்சேலையா கெடக்கு. பிள்ளைக்குக் கம்பளி வாங்கலியா?"